கோட்டுக்குக் கீழே

ஜூன் மாதம். குரிச்சிபாவில்
கார்க் கண்ணாடியின் உறைபனியைச்
சுரண்டிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.
மூன்றாம் மாடியில் ஹீட்டர் ஓடவில்லை.
கையுறையோடே அட்டவணையைத் திறந்தேன்.

மரபணு ஒன்றுதான்.
பழுதான செல்லை மறித்து
'நில், இதற்குமேல் போகாதே' என்பது அதன் வேலை.
முந்நூற்று முப்பத்தேழாம் படியில்
ஜி நிற்க வேண்டிய இடத்தில்
ஏ நிற்கிறது.
தலையெழுத்து என்கிறோம்,
தலையில் மட்டுமா எழுதியிருக்கிறது?
நகக்கண்ணில், நாக்கில், குடலின் மடிப்பில்,
பிரதி பிரதியாய் அதே எழுத்துப்பிழை.

இங்கே தெற்கில்
அட்ரீனல் சுரப்பியில் கட்டி வந்த பிள்ளைகளில்
ஏறக்குறைய எல்லோரிடமும் அந்த ஏ.
கடலுக்கு அப்பாலிருந்து வந்த கோப்புகளில்
அதே கட்டி, அதே மூன்று வயது, நான்கு வயது,
இந்த எழுத்து மட்டும் பழையபடி ஜி.
போர்த்தோ: ஒருவர்.
ஓஸ்லோ: 0.
லுவாண்டா:
அங்கேயும் 0 போட்டேன்.
போட்ட பிறகுதான் தோன்றியது,
அங்கே யாரும் தேடவே இல்லையே.
அழித்துவிட்டு வெறும் கோடு கிழித்தேன்.
இல்லை என்பதையும் பார்க்கவில்லை என்பதையும்
ஒரே வட்டத்துக்குள் குடிவைக்கக் கூடாது.

'வம்சம்' என்றொரு கட்டம் உண்டு.
போலந்து, என்று எழுதினார் ஒருவர்.
கத்தோலிக்கர், என்று இன்னொருவர்.
'முப்பாட்டியைக் காட்டில்
கயிறு வீசிப் பிடித்தார்களாம்'
என்று எழுதியவருக்கு அது பெருமையா வெட்கமா
கையெழுத்தில் தெரியவில்லை.
ஒருவர் தன் கால்பந்து அணியின் பெயரை எழுதியிருந்தார்.
எல்லோரையும் சேர்த்து
'கலப்பு' என்று மாற்றச் சொல்கிறது மென்பொருள்.

பத்து மணிக்கு லாவுடெலினோ வந்தார்.
வக்காரியாவிலிருந்து சொரொகாபாவுக்கு
ஆப்பிள் ஏற்றிப்போகும் லாரிக்காரர்.
தைனாராவின் அப்பா.
'இது எங்கிருந்து வந்தது, டோனா ஜுசாரா?'
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்.
எழுத்து மாறியவர்கள் வாழும் ஊர்கள்,
சிவப்புப் புள்ளிகள்.
குனிந்து பார்த்தார். விரலை வைத்தார்.
'இது என் ரூட்.
இங்கே டீசல் போடுவேன். இது டயர்க்கடை.
இங்கே நல்ல சூப் கிடைக்கும்.'

இருநூறு, முந்நூறு வருடத்துக்கு முன்
கோவேறு கழுதைகளை ஓட்டிப்போன வழி அது.
ஓட்டியவர்களில் யாரோ ஒருவன்,
தங்கிய ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாய்
இதை விட்டுப் போயிருக்கலாம்.
யூகம்தான், என்றேன்.
கோவேறு கழுதை குட்டி போடாது.
முதுகு புண்ணாகச் சுமந்தது அது;
பின்னால் ஒரு தடமும் வைக்கவில்லை.
ஓட்டியவன் சுமந்ததோ கண்ணுக்கே தெரியாதது,
இன்னும் இறக்கி முடியவில்லை.

'இங்கே எத்தனை பேருக்கு இருக்கும்?'
முந்நூறில் ஒருவர்.
'அது நிறையவா, குறைவா?'
உலகத்தோடு பார்த்தால் மிக மிக அதிகம்.
சுமப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை,
பெரும்பாலோருக்கு வராது, என்றும் சொன்னேன்.
வேகமாகச் சொன்னேன்.

அவர் விரல்களை மடக்கினார்.
'என் வீட்டில் நாலு பேர்.
எனக்கு இருக்கிறது. குழந்தைக்கு இருக்கிறது.
பையனுடையது இன்னும் வரவில்லை.'
கோட்டுக்குக் கீழே நான் முந்நூறு வைத்திருந்தேன்.
அவர் நான்கு வைத்திருந்தார்.
இரண்டு கணக்கும் சரி.

பையனின் உறை என் இழுவறையில் இருந்தது.
மருத்துவர்தான் பிரிக்க வேண்டும், புதன்கிழமை.
இழுவறையைப் பார்க்காமல் இருக்க
ஜன்னலைப் பார்த்தேன்.
அவரும் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே லாரியை இரட்டை வரிசையில் நிறுத்தியிருந்தார்,
ஒரு காவலர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.
'போகட்டும்,' என்றார்.

அவர் போன பிறகு
இன்றைய வரிகளைச் சேர்த்தேன்.
ஒரே குடும்பம் என்றால்
ஒருமுறைதான் எண்ண வேண்டும்;
இல்லாவிட்டால் விகிதம் வீங்கிவிடும். விதி அது,
பதினோரு வருடமாய் நானே
மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது.
அப்பாவும் மகளும் சேர்ந்து
ஒன்று என்று தட்டினேன்.
சேமித்தேன்.
ஹீட்டருக்காக மறுபடி போன் செய்தேன்.